சட்டை உரிக்கப் போகுதா, செத்துப் போச்சா? டாரண்டுலா சிலந்திக் குட்டி மூணு வாரமா வளைய அடைச்சிட்டு உள்ள கெடக்கு

பாளை_எட்டுக்காலன்:

எல்லாருக்கும் வணக்கம், பாளையங்கோட்டைல இருந்து எழுதுதேன், இங்க புதுசு. பழைய பதிவுலாம் ரெண்டு நாளா உக்காந்து படிச்சேன், ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாவ, படிக்கப் படிக்கக் கொழப்பம்தான் கூடுது, அதான் நேரா கேட்டுருவோம்னு வந்தேன்.

போன ஐப்பசில ரெண்டு கர்லி ஹேர் குட்டி வாங்குனேன், டிலிடோகேட்டில் அல்போபிலோசஸ், முன்ன பிராக்கிபெல்மான்னு சொல்லிட்டிருந்தாவள்லா அதே சாமான்தான். வரும்போது காலெல்லாம் விரிச்சாலே ஒரு செமீதான் இருக்கும், உடம்பு உளுந்தம்பருப்பு சைஸ். இப்போ ரெண்டும் ரெண்டரை செமீ கிட்ட வந்துட்டு. பேரு அல்வா, மிச்சர். (சிரிக்காதிய, தங்கச்சி வச்ச பேரு.)

அல்வா 23 நாளா வெளிய வரல. வளை வாசல மண்ணும் நூலுமா வச்சு பூசி அடைச்சிட்டு. டப்பா ஓரமா டார்ச் அடிச்சுப் பாத்தா ஒரு காலு மாதிரி ஏதோ தெரியுது, அசையுதா இல்லையான்னு தெரியல. மிச்சர் வெளியதான் இருக்கு ஆனா 12 நாளா தீனி தொடல, மீல்வார்ம் புழுத் துண்டை மேல போட்டா காலால தள்ளி விடுது, வயிறு நல்லா உருண்டு கருப்பா எண்ணெய் தடவுன மாதிரி மினுங்குது, நடக்கதே பைய பையதான்.

வீட்ல வேற ஒரே சண்டை. ஆச்சி, எட்டுக்கால் பூச்சி மேல ஊந்தா அக்கி வரும், பொறவு வேளார் தாத்தாவைத் தேடிப் போயி காவி வச்சு எழுதிக்கிட்டு கெடக்கணும், சவத்தை வெளிய கொண்டு போயி விடுலேன்னு தெனமும் ஆரம்பிச்சிருதாவ. அம்மா எறும்பு வருதுன்னு டப்பா வச்சிருக்க அலமாரி சுத்தி எறும்பு சாக்பீஸால கோடு கிழிச்சிட்டாவ. அக்னி நட்சத்திரம் வேற, மத்தியானம் என் ரூம்ல 37 காட்டுது, மேல மொட்டை மாடி.

நாளைக்கு லீவு. கரண்டிய வச்சு அல்வாவைத் தோண்டிப் பாத்துரலாமான்னு இருக்கேன். உசுரோட இருக்கான்னு தெரிஞ்சா போதும் எனக்கு. யாராவது சொல்லுங்க.

ரெயின்ஃபாரஸ்ட்_ராஜா:

ஹ்யூமிடிட்டி, அதான் காத்துல ஈரம், பத்தல ப்ரோ. சட்டை உரிக்க நேரம் 80 பர்சன்ட் வேணும், இல்லன்னா தோலு ஒட்டிக்கிட்டு செத்துரும். காலைல சாயந்தரம் ரெண்டு வேளையும் ஸ்ப்ரே அடிங்க, மூடில இருக்க ஓட்டையில பாதிய டேப் ஒட்டி அடைங்க. மிச்சருக்கு பசிதான், சின்ன கிரிக்கெட் பூச்சி ரெண்டு உசுரோட உள்ள விடுங்க, ஓடுறத பாத்தா தானா பிடிக்கும்.

தென்காசி_சாரல்:

தம்பி, மொதல்ல அந்தக் கரண்டியக் கீழ வையும்.

நான் பதினோரு வருசமா வளக்கேன். மூணாவது வருசம் நீரு இப்போ இருக்க அதே நெலமைல இருந்தேன், மெக்சிகன் ரெட்-நீங்க இனத்து டாரண்டுலா குட்டி ஒண்ணு, நாப்பது நாளா வாசல அடைச்சிட்டு உள்ள. எனக்கு ராத்திரி தூக்கம் வரல. ஒரு ஞாயித்துக்கெழமை ட்வீசர வச்சு பைய பையதான் மண்ண எடுத்தேன், நல்லா நெனவு இருக்கு, ஒவ்வொரு துளியாதான் எடுத்தேன். உள்ள மல்லாக்க படுத்துட்டு பாதி சட்டைய கழட்டிட்டு இருந்துருக்கு. ட்வீசர் நுனி எங்கயோ பட்டுட்டு. தண்ணியில சொட்டு நீலம் விட்ட மாதிரி மெல்லிசா ஒரு துளி வந்துது, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் காலு காலா இழுத்துட்டுக் கெடந்து போச்சு. நான் தொடாம இருந்தா மறுநாள் நல்லா எந்திச்சிருக்கும். இதுல எனக்கு வேற யாரையும் குத்தம் சொல்ல வழியே இல்ல.

நீரு சொன்னத வச்சுப் பாத்தா ரெண்டும் சட்டை உரிக்கத் தயாராகுது, பிரீமோல்ட்டும்பாவ. தீனி தொடாதது, வயிறு கருத்து மினுங்குதது, மந்தமா நடக்கது, வாசல அடைக்கது எல்லாமே அதோட அடையாளம்தான். வயிறு கருக்கதுக்குக் காரணம், பழைய தோலுக்கு அடியில புதுத் தோலு, புது முடியெல்லாம் வளந்து ரெடியா நிக்கி, அது வெளிய தெரியுது. பாம்பு தோல மட்டுந்தான் உரிக்கும், இது பல்லு, மூச்சு விடுத பைக்குள்ள இருக்க ஏடு, தீனிய உறிஞ்சுத வயித்தோட உள்சுவரு எல்லாத்தையும் சேத்துல்லா கழட்டும். அம்புட்டு பெரிய வேலைக்கு முன்னால எவனுக்குத் திங்கத் தோணும்?

நடக்கது எப்பிடின்னு சொல்லுதேன், ஏன்னா பாத்தா பயந்துருவிய. நூலால ஒரு பாய் மாதிரி நெய்ஞ்சு விரிக்கும், அதுல பெரும்பாலும் மல்லாக்கப் படுக்கும். மொதத் தடவ பாக்கவன் எல்லாரும் செத்துப் போச்சுன்னு எடுத்து வெளிய போட்டவன்தான். செத்த சிலந்தி மல்லாக்கப் படுக்காது தம்பி, குப்புற நிக்கும், எட்டு காலும் வயித்துக்குக் கீழ முட்டி மடங்கி மூடுன கை மாதிரி சுருண்டுரும். அந்த வித்தியாசத்த மட்டும் மனசுல வச்சுக்கோரும். படுத்த பொறவு வயித்துல இருக்க ரத்தத்த முன்னால தலைப்பக்கம் பம்ப் பண்ணும், வயிறு சுருங்கும், தலைமேல இருக்க ஓடு டப்பா மூடி மாதிரி முன்பக்கம் தெறிச்சு தூக்கிக்கும். அங்கன இருந்து ஒவ்வொரு காலா உருவி எடுக்கும். உம்ம சைஸ் குட்டிக்கு ஒரு மணி நேரமோ அதுக்குக் கூடவோ ஆவும், பெரிய பொட்டைன்னா அஞ்சாறு மணி நேரம்கூட போவும். முடிஞ்ச உடனே ஒடம்பு நுங்கு மாதிரி இருக்கும், பல்லு வெள்ளையா இருக்கும். அந்த நேரம் ஒரு எறும்பு போதும் அதைக் கொல்ல.

ராஜா தம்பி சொன்னதுல ஒரு பாதி பழைய கத. ஸ்ப்ரே அடிச்சு காத்து ஓட்டைய அடைச்சா ஒரு வாரத்துல பூஞ்சை பிடிச்சு, காத்து இல்லாம புழுங்கி அதுலயே பாதி குட்டி போயிரும். காத்துல ஈரம் எத்தனன்னு மீட்டர் வச்சுப் பாத்து ஒரு பிரயோசனமும் இல்ல. குட்டிக்கு வேண்டியது மண்ணுக்கு அடில இருக்க ஈரமும், ஒடம்புக்குள்ள இருக்க தண்ணியும்தான். சிலந்திக்கு காலை நீட்ட சில முட்டிக்குத் தசையே கெடையாது, ரத்த அழுத்தத்தாலதான் நீட்டும். சட்டைல இருந்து காலை வெளிய தள்ளதும் அந்த அழுத்தம்தான். ஒடம்புல தண்ணி பத்தலன்னா அழுத்தம் வராது, அப்பதான் ஒட்டிக்கிட்டு நிக்கி. அதனால தோலுல ஈரம் பத்தலைங்கத விட தாகம்னு சொல்லுததுதான் சரி. உசுரோட கிரிக்கெட் ரெண்ட விடச் சொன்னது இன்னும் மோசம், அத வள்ளியூர் அக்கா வந்து சொல்லட்டும், அவங்க கத எனக்குத் தெரியும்.

ரெயின்ஃபாரஸ்ட்_ராஜா:

நான் ஆறு மாசமா ஸ்ப்ரேதான் அடிக்கேன், என்னுது நல்லா இருக்கு அண்ணாச்சி. வீடியோல எல்லாம் அப்பிடித்தான் சொல்லுதாவ.

தென்காசி_சாரல்:

நல்லா இருக்கட்டும் ராஜா. எங்க ஊர்ல சாரல் நேரம் நானும் ஸ்ப்ரே அடிச்சவன்தான், ஒரே ஆடி மாசத்துல நாலு குட்டி போச்சு. உம்மோடதுக்கு எத்தன மாசம், என்ன இனம்னு சொல்லும், பொறவு பேசுவோம். மூடிய மட்டும் அடைச்சிராதிய.

பாளை_எட்டுக்காலன்:

அண்ணாச்சி ரொம்ப நன்றி, கரண்டிய அடுக்களைல கொண்டு போயி வச்சிட்டேன், அம்மா ஏன்லே இதை எடுத்தன்னு கேட்டாவ, பதில் சொல்லல. ஆனா வாசல அடைச்சு வச்சிருக்கதுக்கு தண்ணி எப்பிடிக் குடுக்கது? மேல ஊத்துனா வளை இடிஞ்சுரும்லா? அந்த சாக்பீஸ் கோடு பிரச்னையா? 37 டிகிரிக்கு என்ன செய்ய?

வள்ளியூர்க்காரி:

அண்ணாச்சி என்னைய மாட்டி விட்டுட்டாவ. சரி, சொல்லுதேன்.

என் மொத குட்டி கிரிக்கெட்டாலதான் போச்சு. அதுவும் இதே மாதிரி தீனி தொடாம இருந்துது, பாவம் பசிக்குமேன்னு ஒரு கிரிக்கெட்ட விட்டுட்டு கல்யாண வீட்டுக்குப் போயிட்டேன். வந்து பாத்தா கிரிக்கெட்டு தெம்பா உக்காந்துருக்கு, பக்கத்துல நாலு காலும் பாதி சட்டையும் கெடக்கு. கிரிக்கெட்டுக்கும் பசிக்கும், தண்ணி தாகம் எடுக்கும், மெத்துன்னு அசையாம ஒண்ணு கெடந்தா கடிச்சுதான் பாக்கும். மீல்வார்ம உசுரோட போட்டாலும் அதே கததான், மண்ணுக்குள்ள பூந்துரும், நாம தின்னுட்டுன்னு நெனச்சுக்கிட்டு இருப்போம், அது அடில காத்துட்டுக் கெடக்கும். இந்த சைஸ் குட்டிக்கு எதப் போட்டாலும் தலைய நசுக்கிட்டுப் போடுங்க. இருவத்துநாலு மணி நேரத்துல தொடலன்னா எடுத்துருங்க. இப்போ ரெண்டுக்கும் ஒண்ணும் போட வேண்டாம். மிச்சர் டப்பால கெடக்க துண்ட இன்னைக்கே எடுங்க, அது அழுகுனா பேன் மாதிரி சின்னச் சின்ன பூச்சி வந்துரும்.

தண்ணிக்கு, பிள்ளைகளுக்கு மருந்து குடுக்க சொட்டு ஃபில்லர் இருக்கும்லா அது போதும். வளை எந்தப் பக்கமோ அதுக்கு எதிர் மூலைல, டப்பா சுவரை ஒட்டி, சொட்டு சொட்டா விடுங்க. செவுத்தோட வழிஞ்சு நேரா அடிக்குப் போயிரும், மேல் மண்ணு காஞ்சுதான் இருக்கும், அடி மண்ணு ஈரமா நிக்கும், ஈரம் வேணும்னா அது தானா அந்தப் பக்கம் நகந்துக்கும். வெளிய இருந்து பாத்தாலே மண்ணு கருப்பா எந்த மட்டம் வர நிக்கின்னு தெரியும், அடில மூணுல ஒரு பங்கு கருப்பா இருந்தா நிப்பாட்டிருங்க. நம்ம ஊரு வெயிலுக்கு வாரத்துக்கு ஒருக்க பாக்கணும், மழைக்காலத்துல மூணு வாரத்துக்கு ஒருக்க விட்டாப் போதும். மிச்சருக்கு மருந்து பாட்டில் மூடில துளி தண்ணி வைங்க, முங்கிருமோன்னு பயப்படாதிய, முங்காது.

எறும்பு சாக்பீஸ் ரொம்ப தப்பு. அதுல இருக்கது பூச்சி மருந்து, எறும்ப எதால கொல்லுதோ அதாலயே சிலந்தியும் சாவும். கொசு லிக்விட், கொசுவத்தி, கரப்பானுக்கு அடிக்க ஸ்ப்ரே எல்லாம் அதே கூட்டம்தான். டப்பாவ அந்த அலமாரில இருந்து எடுத்துருங்க, அலமாரிய ஈரத்துணியால நல்லாத் தொடைச்சு அந்தத் துணியத் தூரப் போட்டுருங்க. எங்க அம்மை முந்தி பலகாரத் தூக்க ஒரு தாம்பாளத்துல தண்ணி ஊத்தி நடுவுல வப்பாவ, எறும்பு ஏறாதுன்னு. அதே வித்ததான், தாம்பாளத்துல தண்ணி, நடுவுல ஒரு கிண்ணத்தக் கவுத்தி அது மேல டப்பா. ஒரு ஓரம்கூட செவுத்துல தொடக்கூடாது, தொட்டா சித்தெறும்பு அந்த வழியா வந்துரும். நான் ஒரு தடவ போன் சார்ஜர் வயர் தாம்பாளத்துல தொங்குனத கவனிக்கல, வயர் வழியா வரிசையா வந்துட்டு.

சூட்டுக்கு, மொட்டை மாடிக்குக் கீழ இருக்க ரூம் வேண்டாம். கீழ வீட்டுல பட்டாசல் தரை, வடக்குப் பக்க மூலை, அங்கன வைங்க. சிமென்ட் தரை நாலஞ்சு டிகிரி கொறச்சுத் தரும். 28, 30 அதுக்குப் போதும். 35க்கு மேல தொடந்து நின்னா, அதுவும் சின்ன டப்பால, தண்ணி வத்திப் போயிரும். ஃபிரிட்ஜுல வைக்கலாமான்னு ஒருத்தர் கேட்டாரு முன்ன, வேண்டவே வேண்டாம். ஏசி காத்து நேரா படுத இடமும் வேண்டாம், அது காய வச்சுரும்.

ஆச்சி அக்கி விஷயம், எங்க வீட்லயும் இதே பேச்சுதான். அக்கி சிலந்தியால வரது இல்ல, சின்னம்மை வந்து போன பொறவு அந்தக் கிருமி ஒடம்புக்குள்ளயே நரம்புல ஒளிஞ்சு கெடந்து பின்னால தலைய நீட்டுது, அதான் ஒரு பக்கமா வரிசையா கொப்பளம் வருது. ஆச்சிட்ட இத சொல்லிப் பாருங்க, நம்ப மாட்டாவ, ஆனா சொல்லிப் பாருங்க. ஒண்ணு மட்டும், உங்க கர்லி ஹேர் பெருசானா வயித்துல இருக்க முடிய பின்னங்காலால சீவி விடும், அது பட்டா நெசமாவே அரிக்கும், கண்ணுல பட்டா டாக்டர்ட்ட போவணும். அதனால டப்பாவத் தொறந்துட்டு குனிஞ்சு மொகத்த வச்சுப் பாக்காதிய.

மானூர்_மாப்ள:

துட்டு குடுத்து வாங்குதியளே மக்கா, எங்க தோட்டத்துப் புளியமரப் பொந்துல உள்ளங்கை சைஸுக்கு ஒண்ணு இருக்கு, காலுக்கு அடில மஞ்சப் பட்டை, ராத்திரி டார்ச் அடிச்சா வாசல்ல வந்து நிக்கும். அதப் பிடிச்சு டப்பால போட்டா ஓசிலயே முடிஞ்சிரும். எப்பிடிப் பிடிக்க?

தென்காசி_சாரல்:

மாப்ள, அது அங்கனயே நிக்கட்டும். நீரு சொல்லுததப் பாத்தா பீசிலோதெரியாங்க டாரண்டுலா மாதிரி இருக்கு, மரத்துல வாழ்த சாதி, மின்னல் மாதிரி ஓடும். இதுக்கு அரிப்பு முடி கெடையாது, அந்தக் கொறைய கடியில தீத்துரும், ஆள் செத்ததா பதிவு இல்லன்னாலும் கடிச்சா தசை இழுத்துப் பிடிச்சு நாள்கணக்குல படுத்தும்.

நம்ம பக்கத்து ஆளுக பல பேருக்கு இது தெரியாது, இந்த சாதி இந்தியாவுலயும் இலங்கைலயும் மட்டுந்தான் உண்டு. வெளிநாட்டுல ஆளு வரிசைல நின்னு வாங்குத ரெகாலிஸ்ங்க சிலந்திய மொதல்ல விவரிச்சது அரக்கோணத்துல கெடச்சத வச்சுதான், 1899ல. அதே வருசம் நீலக்கலர்ல இருக்க மெட்டாலிக்காவ ஆந்திரால குத்தி (Gooty) ஊர்ல கெடச்சத வச்சு எழுதுனாவ, பொறவு நூறு வருசத்துக்கு அத யாரும் பாக்கல, 2001லதான் திரும்பக் கண்டுபிடிச்சாவ. நம்ம ராமேஸ்வரத்துல ஒண்ணு இருக்கு, ஹனுமவிலாசுமிகான்னு, 2004ல பேரு வச்சது, அங்க இருக்க புளியமரமும் பனையும் போச்சுன்னா அதுவும் போச்சு. புளியமரத்த வெட்டாம விட்டிருக்கியே, அதுவே பெரிய காரியம்.

மலைப்பக்கம் போறவங்களுக்கும் சேத்து சொல்லிருதேன், களக்காடு முண்டந்துறைல இருந்து, பாபநாசம், மாஞ்சோலை எங்கயா இருந்தாலும், ஒரு பூச்சியக்கூட எடுத்துட்டு வரக்கூடாது. அது 1988ல இருந்து புலிகள் காப்பகம், 1972 வனஉயிர்ச் சட்டத்துல மாட்டுனா பேச்சே கெடையாது.

பாளை தம்பி, உமக்கும் ஒண்ணு. கர்லி ஹேரும் சைட்டீஸ்ங்க, அதான் காட்டுயிர் வியாபாரத்தக் கட்டுப்படுத்துத உலக ஒப்பந்தம், அதோட ரெண்டாவது பட்டியல்ல வருது. 2022 திருத்தத்துக்குப் பொறவு அந்தப் பட்டியல்ல இருக்கதெல்லாம் நம்ம சட்டத்துலயும் நாலாவது அட்டவணைல ஏறிட்டு. 2024ல விதியும் வந்துட்டு, மத்திய அரசோட பரிவேஷ் இணையதளத்துல பதியணும். வாங்குன பில்லு இருந்தா பத்திரமா வையும், பதிஞ்சிட்டியளான்னு பாரும். வித்தவன் சொல்லிருக்க மாட்டான்.

மானூர்_மாப்ள:

சரி அண்ணாச்சி, விட்டுட்டேன். ராத்திரி டார்ச் மட்டும் அடிச்சுக்கிடுதேன்.

பாளை_எட்டுக்காலன்:

பில்லு இருக்கு, பதியல, இந்த வாரம் செஞ்சிருதேன். டப்பா ரெண்டையும் கீழ பட்டாசல் மூலைல, ஆச்சி கட்டிலுக்குத் தலைமாட்டுப் பக்கம் வச்சாச்சு, வேற இடம் இல்ல. ஆச்சி கட்டில எதிர் செவுத்துக்கு இழுத்துட்டுப் போயிட்டாவ. தாம்பாளம் வச்சாச்சு. இப்போ 31 காட்டுது.

பாளை_எட்டுக்காலன்: (ஒம்பது நாள் கழிச்சு)

ஆளுங்களா இருக்கியளா யாராவது, அவசரம், மிச்சர் மல்லாக்கப் படுத்துட்டு!!

ராத்திரி பத்தேமுக்காலுக்குத் தண்ணி குடிக்க எந்திச்சேன், சும்மா டார்ச்ச அடிச்சேன், படுத்துக் கெடக்கு. மொதல்ல நெஞ்சு அடைச்சிட்டு, பொறவு அண்ணாச்சி சொன்னது நெனவு வந்துது, காலு சுருளல, விரிச்சுதான் வச்சிருக்கு, அடில வெள்ளையா பாய் மாதிரி நூலு. டார்ச்ச டப்பாக்கு நேரா அடிக்காம செவுத்துல அடிச்சு அந்த வெளிச்சத்துல பாத்துட்டே இருக்கேன். அரை மணி நேரம் ஒண்ணுமே நடக்கல. திடீர்னு தலைமேல ஓடு ஒரு பக்கம் தூக்குனது தெரிஞ்சுது, உள்ள இருந்து வெளிறிப் போன ஒண்ணு பிதுங்குது, விட்டு விட்டு ஒரு அழுத்து, செத்த நேரம் சும்மா, திரும்ப ஒரு அழுத்து. ஆச்சி எந்திச்சு வந்து பக்கத்துல உக்காந்துட்டாவ, என்னலே அதுக்குப் பேறு காலமான்னு கேக்காவ.

பிரச்னை என்னன்னா ஏழு காலு வந்துட்டு, எடது பக்கம் கடைசிக் காலு மட்டும் வரல. இருவது நிமிசமா அப்பிடியே நிக்கி. இழுத்து விடவா?

தென்காசி_சாரல்:

இழுக்காதிய. அது இன்னும் முயற்சி பண்ணுதான்னு பாரும், அழுத்தம் குடுத்துட்டு இருக்குன்னா தொடவே வேண்டாம். ரெண்டு மணி நேரம் குடும். அதுக்கும் மேல அசையாம நின்னா, மெல்லிசு பெயின்ட் பிரஷ்ஷ தண்ணில தொட்டு ஒட்டிக்கிட்டு நிக்க பழைய சட்டைல மட்டும், காலு மேல இல்ல, வயித்துக்கு அடில மூச்சுத் துவாரம் பக்கம் போகவே கூடாது, ஒரு துளி வைக்கணும். அவ்வளவுதான். ரொம்ப மோசமா போனா அதுவே அந்தக் காலைக் கழட்டிப் போட்டுரும், அடுத்த ரெண்டு மூணு சட்டைல திரும்ப மொளச்சிரும், மொதல்ல ஊசி மாதிரி வரும், பொறவு தடிக்கும். ஒரு காலு போனா சிலந்தி சாவாது, நீரு இழுத்தா செத்துரும்.

வள்ளியூர்க்காரி:

ஃபேன கொறைங்க, நேரா காத்து படக்கூடாது. ஆச்சிய மெதுவா பேசச் சொல்லுங்க.

பாளை_எட்டுக்காலன்:

வந்துட்டு! பன்னெண்டரைக்கு. ஒரு துளி வச்சேன், பத்து நிமிசம் கழிச்சு ஒரு அழுத்துல வழுக்கி வந்துட்டு. அந்தக் காலு கொஞ்சம் வளைஞ்சு இருக்கு. இப்போ பக்கவாட்டுல படுத்துட்டு காலெல்லாம் வெள்ளையா, கண்ணாடி மாதிரி, பல்லு ரெண்டும் தேங்காக் கீத்து நுனி மாதிரி வெள்ளையா தெரியுது. பெருசா வேற ஆயிட்டு, இவ்வளவு பெரிய ஆளு அந்தச் சட்டைக்குள்ள எப்பிடி இருந்தான்னே புரியல. ஆச்சி தூங்கல.

எப்போ தீனி போடலாம்? பெரிய டப்பா வாங்கவா?

வள்ளியூர்க்காரி:

பல்லு வெள்ளைல இருந்து செவப்பாகி பொறவு கருப்பாகும், நல்லாக் கருத்த பொறவுதான் தீனி. இந்த சைஸுக்கு ஒரு வாரம்னு வச்சுக்கோங்க. பெரிய ஆளுக்குன்னா ரெண்டு வாரம், அதுக்கு மேலகூட பொறுக்கணும். தண்ணி மட்டும் இன்னைக்கே மூடில வைங்க, எந்திச்ச உடனே குடிக்கும். மொதல்ல சின்னதா, அதோட வயித்துல பாதி சைஸ் துண்டு, பொறவு வாரத்துக்கு ரெண்டு தடவ. வயக்காட்டுல பிடிச்ச வெட்டுக்கிளியப் போடாதிய, எங்க பக்கம் நெல்லு வாழை ரெண்டுக்கும் மருந்தடிக்காவ, எத எங்க தின்னுட்டு வந்துதோ.

ரொம்ப ஊட்டாதிய. வயிறு உருண்டு தரையில இழுபடுத அளவுக்குப் போனா, மூடில ஏறி வழுக்கி விழுந்தா வயிறு கிழிஞ்சுரும். அதனாலதான் மண்ணுல இருந்து மூடி வரைக்கும் காலளவுல ஒண்ணரை மடங்குக்கு மேல எடம் விடக்கூடாதும்பேன், மிச்சம் எல்லாம் மண்ணு. டப்பா பெருசாக்க அவசரமே இல்ல, பத்துப் பன்னெண்டு செமீ அகலம் உள்ளது போதும், அரைக் கிலோ அல்வா டப்பா இருக்கும்லா, சூடு பண்ணுன ஊசியால நாலு பக்கமும் ஓட்டை போட்டா அதுதான் அரண்மனை. ஓட்டை அதோட தலை ஓட்டுக்குச் சின்னதா இருக்கணும், தலை போற ஓட்டைல மொத்த ஒடம்பையும் வெளிய கொண்டு வந்துரும். கோகோபீட்ட, அதான் தேங்கா நார்த்தூள, ரெண்டு தண்ணில அலசிட்டுப் போடுங்க, சிலதுல உப்பு நிக்கி. பத்து நாள் கழிச்சு மாத்துங்க, இப்போ தொடாதிய.

ரெயின்ஃபாரஸ்ட்_ராஜா:

அண்ணாச்சி, என்னுது பிங்க் டோ, மரத்துல இருக்கது. நேத்து டப்பா மூடிய தொறந்தா ஓரத்துல வெள்ளையா பூஞ்சை. டேப்ப எடுத்துட்டேன். வேற என்ன செய்ய?

தென்காசி_சாரல்:

மேல பூஞ்சை பிடிச்ச மண்ண அள்ளிட்டு காஞ்ச மண்ணு போடும், பக்கவாட்டுலயும் ஓட்டை போடும், காத்து குறுக்கால போகணும். அந்த இனம் புழுக்கத்துலதான் மொதல்ல சாவும். தண்ணிய மூடில வச்சாப் போதும். தனிப் பதிவா போடும், படம் போடும், பாப்போம்.

பாளை_எட்டுக்காலன்: (மறுபடியும் ரெண்டு வாரம் கழிச்சு)

அல்வா வந்துட்டான்! 46வது நாளு. நேத்து காலைல வாசல் பக்கம் மண்ணு சரிஞ்சு கெடந்துது, பக்கத்துல பழுப்பா சுருட்டி வச்ச பஞ்சு மாதிரி ஒண்ணு, செத்துப் போயி வெளிய தள்ளிட்டோன்னு ஒரு நிமிசம் கை நடுங்கிட்டு. ட்வீசரால எடுத்துப் பாத்தா வெறும் சட்டை, உள்ள காத்து. டார்ச் அடிச்சா உள்ள ரெண்டு புது முன்னங்காலு, நல்லா கருப்பா, வாசல்ல நீட்டிட்டு நிக்கி. தோண்டியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சாலே ஒரு மாதிரி இருக்கு அண்ணாச்சி. மிச்சர் மூணு தடவ தின்னாச்சு, அந்த வளைஞ்ச காலையும் ஊனி நடக்கு. பரிவேஷ்ல பதிய விண்ணப்பமும் போட்டாச்சு.

ஒரு கேள்வி. சட்டைய வச்சு ஆணா பொட்டையான்னு பாக்கலாமாமே, எப்பிடி?

தென்காசி_சாரல்:

சந்தோசம் தம்பி. பாக்கலாம், ஆனா இந்த சைஸுக்கு வெறுங்கண்ணுக்குத் தெரியாது, காலோட அஞ்சு செமீ தாண்டட்டும். அப்போ சட்டை வயித்துப் பக்கத்த தண்ணில ஒரு சொட்டு பாத்திரம் கழுவுத சோப்பு விட்டு ஊற வச்சு, ஊசியால பைய விரிச்சு, முன்பக்க ரெண்டு மூச்சு ஏட்டுக்கு நடுவுல பாக்கணும். பொட்டைன்னா அங்கன விந்துப் பை மடிப்பா தெரியும், ஆணுக்கு வெறும் கோடுதான். பொட்டையா இருந்தா இருவது வருசத்துக்கு உம்ம வீட்டு ஆளு, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கும்போதே சொல்லிரும். இப்போதைக்கு சட்டைய காய வச்சு ஒரு தீப்பெட்டில போட்டு தேதி எழுதி வையும், வளத்திய அளக்க உதவும்.

பாளை_எட்டுக்காலன்:

தீப்பெட்டில ஏற்கனவே இருக்கு அண்ணாச்சி, நான் வைக்கல. மிச்சர் சட்டைய ஆச்சி எடுத்து வச்சுக்கிட்டு பக்கத்து வீட்டு ஆளுக்கெல்லாம் தொறந்து காட்டிட்டு இருக்காவ, காலு ஒட்டிக்கிட்டு நின்ன கத சொல்லி. ஒரு காலு ஏற்கனவே ஒடஞ்சு போச்சு. இப்போ அல்வா சட்டைய எங்கலேன்னு கேக்காவ.